சவாரியில் குதிரை ஏன் தலையைச் சிலுப்புகிறது?

"குதிரையைப் பற்றி எழுதி வன்னியில ஆர் வாசிக்கிறது? மாட்டைப் பற்றி எழுது, நாலு பேருக்கு உதவும்" என்றான் மச்சான். இத்தனைக்கும் குதிரையை வாங்கி வந்து எங்கள் வளவில் கட்டியவனே அவன்தான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. கிளிநொச்சிப் பக்கம் குதிரை வந்தால் பிள்ளைகள் வேலியில் ஏறி நின்று பார்க்கும். நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை இன்றும் கூட்டமாக மேய்கின்றன. நுவரெலியாவில் சித்திரை மாத ஓட்டப் பந்தயம் இருக்கிறது, ஏரிக்கரையில் சவாரிக்கு விடும் குதிரைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற எங்களுக்கு மாடு தெரியும், குதிரை தெரியாது. மச்சான் கொண்டுவந்தது நுவரெலியாவில் சவாரிக்கு ஓடிக் களைத்த, வயது போன ஆண் குதிரை. காயடித்தது. செம்பழுப்பு நிறம். மாட்டுக்கு வைக்கிற மாதிரியே அதற்கும் 'சிவலை' என்று பெயராயிற்று.

கட்டுத்தறியில் சிவலை பரம சாது. ஆள் ஏறிப் பத்து நிமிடம் போனால் தலையை மேலே எறியும். ஒரு தரம், இரண்டு தரம், பிறகு விடாமல். ஒருநாள் நான் முன்னால் குனிந்திருந்த நேரம் பார்த்து எறிந்தது. என் மூக்கில் இரத்தம். குதிரையின் தலையும் கழுத்தும் சேர்ந்து அதன் உடல் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம். 400 கிலோ குதிரை என்றால் 40 கிலோ. அரிசி மூட்டை ஒன்று கீழிருந்து மேலே வந்து முகத்தில் அடிக்கிற கணக்கு. புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சிலுப்புகிற குதிரையின் கழுத்துக்கு மேலே உங்கள் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

ஊரில் ஆளுக்கொரு தீர்ப்பு. "குணம் கெட்டது." "வெயில் ஏறீட்டுது." "அடிச்சு வளக்கேல்லை." நாங்கள் செய்தது அதைவிட மோசம். தலையைத் தூக்க ஏலாதபடி கடிவாளத்திலிருந்து நெஞ்சுப் பட்டிக்கு ஒரு கயிறு கட்டினோம். தலை நின்றது. அடுத்த நாள் குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பின்னங்காலில் எழும்பியது. நல்லகாலம், மச்சான் விழுந்தது கிறவல் ரோட்டில் இல்லை, பக்கத்து வயலில்.

குதிரைக்காரர்களிடம் இந்தக் கட்டுவார் சாமான் முறையாகவே உண்டு, கடைகளிலும் விற்கிறது. அதற்கென்று சில இடங்கள் இருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் அதைப் பூட்டுவது, அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற வேலை என்பது என் எண்ணம். நோவு அப்படியே இருக்கும். வெளியே வருகிற வழி மட்டும் மாறும்.

வழி காட்டியவர் பெரியையா. நாற்பது வருசம் வண்டில் ஓட்டியவர், மாட்டுவண்டிச் சவாரித் திடலில் மாடு விட்டவர். குதிரையில் கை வைத்ததில்லை. திண்ணையில் இருந்து வெற்றிலையை மடித்தபடி கேட்டார்:

"ஆட்டுது ஆட்டுது எண்டுறியள். எப்ப ஆட்டுது எண்டு பாத்தனியளே?"

பார்க்கவில்லை.

"நுகத்தில பூட்டின மாடு தலையை ஒரு பக்கம் இழுத்தா, நான் மாட்டுக்கு அடிக்கிறேல்லை தம்பி. நுகத்தைக் கழட்டிக் கழுத்தைத் தடவிப் பாப்பன். கழுத்தில ஒண்டுமில்லையெண்டா நாணயக் கயிற்றைப் பாப்பன். ஒவ்வொண்டாக் கழட்டு. எதைக் கழட்டேக்க நிக்குதோ, அங்க கிடக்கு."

நாணயக் கயிறு என்று அவர் சொன்னது மூக்கணாங்கயிற்றை. குதிரை வைத்தியம் படித்தவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள் என்பது பிறகு வாசிக்கும்போது தெரிந்தது. சிலுப்பல் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. காய்ச்சலுக்கு நூறு காரணம் இருக்கிற மாதிரி, இந்த ஒரே அசைவுக்குப் பின்னாலும் பல்லிலிருந்து நரம்புவரை பல காரணம் இருக்கும்.

முதலில், அது சிலுப்பல்தானா?

குதிரை நடக்கும்போது தலை இயல்பாகவே மேலும் கீழும் போகும். நாலு கால் பாய்ச்சலிலும் அப்படித்தான். இரண்டுக்கும் இடைப்பட்ட துள்ளுநடையில், அதாவது குறுக்குக் கால்கள் சோடி சோடியாக விழும் அந்த ஓட்டத்தில், தலை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அந்த நடையில் தலை தாளம் தப்பாமல் ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கினால் அது சிலுப்பல் இல்லை, நொண்டல். முன்னங்காலில் நோவிருக்கும் குதிரை, நோகிற கால் நிலத்தில் படும்போது பாரத்தைக் குறைக்கத் தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலையைக் கீழே விடும். தலை இறங்கும்போது எந்தக் கால் ஊன்றுகிறதோ அது நல்ல கால் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

சிலுப்பலில் இந்தத் தாளம் இருக்காது. திடீரென்று வரும், இரண்டு மூன்று தரம் எறியும், நிற்கும், மறுபடி வரும். ஆக, கண்ணை மூடிக் குளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒருவர் தலை ஏறும்போதெல்லாம் "ஏறுது" என்று சொல்லட்டும். சத்தமும் சொல்லும் ஒன்றாக விழுந்தால் காலைப் பாருங்கள். இது நாங்களாகக் கண்டுபிடித்த விளையாட்டு. சிவலையில் சொல் கண்டபடி விழுந்தது. கால் சுத்தம்.

ஒவ்வொன்றாகக் கழற்றுவது

நாங்கள் ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினோம். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும்.

முதல் நாள் உடம்பில் ஒன்றுமில்லாமல் வளவுக்குள் அவிழ்த்துவிட்டோம். ஈ வந்தால் மட்டும் ஆட்டியது. இரண்டாம் நாள் முகக்கயிறு போட்டு நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டோம், ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சேணத்தை மட்டும் வைத்துப் பட்டி இறுக்கி அதே வட்டம். ஒன்றுமில்லை. நாலாம் நாள் சேணத்தைக் கழற்றி, வாய்க்குள் கம்பி போகிற கடிவாளத்தைப் போட்டோம். ஓட்டத் தொடங்க முதலே வாயைத் திறந்து நாக்கை வெளியே விட்டது. இடப்பக்கம் திருப்ப மெல்ல இழுத்ததும் தலை மேலே. ஐந்தாம் நாள் கம்பியை எடுத்துவிட்டு, மூக்குக்கு மேலே போன கயிற்றில் பிடித்தபடி மச்சான் ஏறிப் போனான். அரை மணி நேரத்தில் இரண்டே இரண்டு தரம் ஆட்டியது.

ஐந்து நாளில், ஒரு சதம் செலவில்லாமல், வாய்க்குள் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்கு முன் ஒரு மாதம் குதிரையின் குணத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

மூக்குக் கயிற்றில் சவாரி செய்து பார்ப்பதென்றால் வேலி அடைத்த இடத்தில், மெதுநடையில், பழகிய ஆள் மட்டும் செய்யுங்கள். ரோட்டில் வேண்டாம்.

வாய்க்குள் என்ன இருக்கிறது

குதிரையின் வாயில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. மனிதன் குதிரையை ஏறி ஆள முடிந்ததே அந்த வெற்றிடத்தால்தான். கம்பி அங்கேதான் கிடக்கும். வெறும் முரசு என்று பார்க்கும்போது மெத்தென்று தெரியும். ஆனால் மெல்லிய தோலுக்குக் கீழே கத்தி விளிம்பு மாதிரிக் கீழ்த்தாடை எலும்பு இருக்கிறது. உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கட்டில் கால் அதில் இடித்த நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான் இரும்பைப் போட்டு இழுக்கிறோம்.

அதற்குப் பின்னால் பல். எங்களுக்கு முளைத்த பல் முளைத்ததுதான். குதிரைக்கு அப்படியில்லை. கரடுமுரடான புல்லை நாள் முழுக்க அரைப்பதால் பல் தேயும். தேய்வதற்கு ஈடாக முரசுக்குள்ளிருந்து வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை மேலே வந்துகொண்டேயிருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். ஆகவே பல்லோடு பல் முழுதாகப் பொருந்தாது; மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கூராக வளரும். மேலேயுள்ள கூர் கன்னத்தைக் கிழிக்கும். கீழேயுள்ள கூர் நாக்கைக் கிழிக்கும். அரிவாள் தீட்டுகிற மாதிரி, தின்னத் தின்னத் தானாகவே தீட்டிக்கொள்கிற பல் அது. மேய்ச்சலில் நிற்கும் குதிரையைவிட, தவிடும் தானியமும் தின்று நிற்கும் குதிரையில் இது கூட வரும். தானியத்தைக் குறைந்த அகலத்தில் நொறுக்கி விழுங்கிவிடும். தாடை முழு வட்டத்துக்கு அசையாது.

இனி கடிவாளத்தைப் பூட்டுங்கள். கன்னத்தில் வார், வாயோரத்தில் வளையம். இழுக்கும்போது இரண்டும் கன்னத்தை உள்ளே தள்ளிக் கூரான பல்லோடு ஒட்டவைக்கின்றன. தின்னும்போது ஒதுங்கிக்கொள்கிற கன்னம், சவாரியில் ஒதுங்க இடமில்லாமல் அகப்படுகிறது. கட்டுத்தறியில் சாதுவாக நிற்கிற குதிரை ஆள் ஏறியதும் ஏன் வேறு மிருகமாகிறது என்பதற்குப் பாதி விடை இது.

எனக்கு நெடுநாள் விளங்காத ஒன்றும் இதில் விளங்கியது. சிவலை இடப்பக்கம் திருப்பும்போதுதான் கூடச் சிலுப்பியது. ஆகவே இடப்பக்கத்தில் புண் என்று நினைத்து அந்தக் கன்னத்தையே தடவிக்கொண்டிருந்தோம். இடது வாரை இழுத்தால் கம்பி வாய்க்குள் இடப்பக்கமாக நழுவும். அப்போது வலப்பக்க வளையம் வலக்கன்னத்தில் வந்து அமுங்கும். புண் இருந்தது வலக்கன்னத்தில்.

அதைக் காட்டிக்கொடுத்தது புல். ஒருநாள் காலை தொட்டியைக் கழுவப் போன அம்மா, "இது என்னடா, கோழிக்குஞ்சு மாதிரி உருண்டை உருண்டையாய்க் கிடக்குது" என்று கூப்பிட்டா. பாதி மென்று சுருட்டித் துப்பிய புல். விரலால் பிரித்துப் பார்த்தால் நீளமான தண்டுகள் நசுங்கி, முறியாமல், எச்சிலில் ஊறிக் கிடந்தன. மெல்ல நோகிற குதிரை இப்படித்தான் வாயில் வைத்து உருட்டிவிட்டுப் போட்டுவிடும். சாணியிலும் நீளப் புல்லும் உடையாத தானியமும் தெரியும். வாய் மணக்கும். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லும். இவற்றில் ஒன்று கண்டாலும் சவாரியை நிறுத்துங்கள்.

வீட்டில் பார்க்கக்கூடிய சோதனை ஒன்றுதான்: வெளியிலிருந்து, வாயோரத்துக்குப் பின்னால் கன்னத்தில் மேல்பல் வரிசை நெடுக விரலால் மெல்ல அமுக்கிக்கொண்டு போங்கள். நோகிற இடத்தில் தலையைப் பறித்துக்கொள்ளும். கையை வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பல்லைத் தடவப் போகாதீர்கள். அங்கே அகப்பட்ட விரல் திரும்பி வராது.

எங்கள் பக்கத்துக் கால்நடை வைத்தியர்கள் நாளெல்லாம் பார்ப்பது மாடும் ஆடும். நாங்கள் கூப்பிட்டவர் நேர்மையாகச் சொன்னார்: "குதிரைப் பல்லுக்கு என்னட்டை அரம் இல்லை." பேராதனையில்தான் நாட்டின் மிருக வைத்திய பீடம் இருக்கிறது, குதிரை பார்த்துப் பழகியவர்களை விசாரிக்க அவரே வழி சொன்னார். கடைசியில் தென்பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். விழாமல் நின்றபடியே மயங்கும் அளவுக்கு ஊசி போட்டு, வாயைத் திறந்து பிடிக்கும் சட்டத்தைப் பூட்டி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வலக்கன்னத்தின் உட்பக்கம், மேல்பல்லுக்கு நேரே, ஐந்து ரூபாய்க் காசளவு புண். ஓரம் வெள்ளை, நடு சிவப்பு. அரத்தால் கூரைத் தேய்த்தார். தேங்காய்ச் சிரட்டையைச் சீமெந்தில் உரசுகிற சத்தம். பல்லின் அந்த விளிம்பில் உணர்ச்சி இல்லை என்றார், நம்பக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

வருடத்துக்கு ஒரு தரமாவது பல் பார்க்க வேண்டும். 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட குட்டிகள் பாற்பல் விழுத்திப் புதுப்பல் போடும் காலம். அவற்றுக்கு வருடத்தில் இரண்டு தரம். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், கம்பி கிடக்கும் இடத்துக்குக் கிட்ட, கடுகு முளைத்த மாதிரி ஒரு சின்னப் பல் முளைக்கும். எல்லாக் குதிரைக்கும் அது தொந்தரவு தராது. கம்பி அதில் தட்டினால் பிடுங்கிவிடுவார்கள்.

கம்பியையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். உதட்டுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் அரைச் சென்றிமீற்றர் மிஞ்சினால் போதும். நடுவில் ஒரே மூட்டுள்ள கம்பி இழுக்கும்போது பாக்குவெட்டி மாதிரி மடிந்து நாக்கை நெரிக்கும், தாழ்ந்த அண்ணமுள்ள வாயில் மேலேயும் குத்தும். தடித்த கம்பி மெத்தென்று இருக்கும் என்று சொல்லி விற்பார்கள். சின்ன வாய்க்குள் தடித்த கம்பிக்கு இடம் ஏது? மூக்கைச் சுற்றும் பட்டியின் கீழே, மூக்கெலும்புக்கு மேல், இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். நெற்றிப் பட்டி கட்டையாக இருந்தால் காதடியை வெட்டும். அதைப் பலர் பார்ப்பதேயில்லை.

சேணத்துக்கு ஒரு சின்னச் சோதனை. வேர்க்க ஓடிய பிறகு கழற்றி முதுகைப் பாருங்கள். எல்லா இடமும் நனைந்து, நடுவில் உள்ளங்கையளவு ஓரிடம் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அளவுக்கு மீறி அமுக்குகிறது, அல்லது தொடவேயில்லை. எது என்று கையை விட்டுப் பாருங்கள். பழைய வெள்ளை மயிர்த் திட்டுகள் இருந்தால் முன்பு எப்போதோ சேணம் கடித்திருக்கிறது. மாட்டின் கழுத்தில் நுகம் காய்த்த தழும்பு மாதிரிதான்.

ஈ, உண்ணி, காற்று

பெரியையா கேட்ட கேள்வி சரி. அவர் சொன்ன விடை பிழை. "காதுக்குள்ள உண்ணி இருக்கும் பார்" என்றார். பார்த்தோம், இரண்டு இருந்தன, பிடுங்கினோம். அடுத்த நாளும் சிலுப்பியது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு காரணம் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடுவது எல்லோரும் விடுகிற பிழை. இரண்டு மூன்று காரணம் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும்.

வன்னியில் ஈயை லேசாக எண்ணக்கூடாது. குளக்கரைச் சேற்றில் பெருகும் பெரிய மாட்டு ஈ நல்ல வெயிலில் வரும். தோலை வெட்டி இரத்தம் குடிக்கும். கண்ணுக்குத் தெரியாத கொசுகு காலையிலும் மைமலிலும் வரும். காதுக்குள்ளும் வயிற்றடியிலும் கடிக்கும். ஆகவே நேரத்தைக் கொப்பியில் எழுதுவது முக்கியம். மைமலில் மட்டும் சிலுப்பினால் கொசுகை நினையுங்கள், உச்சி வெயிலில் குளக்கட்டில் மட்டுமென்றால் ஈயை. நெற்றியில் தொங்கும் நூல் குஞ்சம், காதுக்கு வலை, கொட்டிலில் மாட்டுக்குப் போடுகிற அதே வேப்பிலைப் புகை, எல்லாம் உதவும். சோளகக் காற்றுக் காலத்தில் கிறவல் தூசு கண்ணையும் மூக்கையும் அரிக்கும். கண்ணில் நீர் வடிந்தால், ஒரு கண்ணைச் சுருக்கினால், வைத்தியருக்குச் சொல்லுங்கள். கண் காத்திருக்காது.

நரம்பு

வாய், சேணம், ஈ, காது, கண் எல்லாம் பார்த்து ஒன்றும் கிடைக்காத குதிரைகள் சில உண்டு. மூக்குக்குள் தேனீ புகுந்த மாதிரி, திடீரென்று செங்குத்தாகத் தலையை வெட்டி இழுக்கும். தும்மும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கை முன்னங்காலில் தேய்க்கப் பார்க்கும். முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பு, வெளிச்சம், காற்று, தூசு போன்ற சின்னத் தூண்டலுக்கே நோவென்று குரல் கொடுக்கிற நிலை அது. நரம்பை வெட்டிப் பார்த்தால் சிதைவு எதுவும் தெரியாது. தூண்டப்படும் மட்டம்தான் தாழ்ந்திருக்கிறது. கையைத் தீயில் வைத்தால் அடிக்க வேண்டிய மணி, வெயிலில் நின்றாலே அடிக்கிறது.

குளிர்நாடுகளில் இது பெரும்பாலும் இளவேனிலில் தொடங்கி மாரியில் அடங்கும் என்று கண்டிருக்கிறார்கள். காயடித்த ஆண் குதிரைகளில் இது கூடுதல். ஓட்டத்தில் கூடும். மூக்குத் துவாரத்தை மூடி ஒரு வலை கட்டினால் சில குதிரைகளுக்கு நல்ல ஆறுதல் கிடைக்கிறது. செலவு குறைந்த சோதனை என்பதால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வார்கள். வெளிச்சம் காரணமா என்று அறிய, கண்ணுக்கு நிழல் தரும் முகமூடி போட்டோ பொழுது பட்ட பிறகோ ஓட்டிப் பார்க்கலாம். இதற்கு மேல் வைத்தியரின் வேலை. மற்றதெல்லாம் விலக்கிய பிறகே இது நரம்பு நோவு என்று சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு காணொளி பார்த்துவிட்டு நேரே இதற்குத் தாவுகிறவர்கள், வாயைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏறியிருப்பவரின் கை

பல் தேய்த்த பிறகு மூன்று கிழமை கம்பி போடாமல் விட்டோம். புண் ஆறியது. பழையபடி பூட்டி ஓட்டினோம். பக்கத்து வளவுப் பெடியன் ஏறினால் சிவலை தலையை நீட்டிக்கொண்டு போகும். நான் ஏறினால் சிலுப்பும்.

இந்தப் பகுதியை எழுத எனக்கு அவ்வளவு விருப்பமில்லை.

நடையில் தலை மேலும் கீழும் போய்வரும் என்று சொன்னேன் அல்லவா? கை அதோடு சேர்ந்து போய்வர வேண்டும். விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் முழங்கையை விலாவோடு ஒட்டி, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் அடிக்கும் குதிரை தன் வாயைத் தானே கொண்டுபோய் என் கையில் இடித்துக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு எத்தனை அடி, அத்தனை இடி.

இதை விளங்கிக்கொள்ளக் குதிரையே தேவையில்லை. கடிவாளத்தைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். ஒருவர் கண்ணை மூடிக் கம்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கட்டும், மற்றவர் பின்னால் நின்று வாரைப் பிடிக்கட்டும். பிறகு மோதிர விரலை மட்டும் மடக்கிப் பாருங்கள். முன்னால் நிற்கிறவர் "இழுத்தாய்" என்பார். மூச்சை அடக்கினாலே தெரியும் என்றான் மச்சான். பிறகு, பின்னால் நிற்கிறவர் கையை அசையாமல் வைத்திருக்க, முன்னால் நிற்கிறவர் நடப்பது போலக் கையை ஆட்டிப் பார்க்கட்டும். நாலாவது அடியில் கம்பியை எறிந்துவிட்டு வந்துவிடுவார்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய இடுப்பு வார். குதிரையின் கழுத்தைச் சுற்றிக் கட்டி, பயம் வரும்போதெல்லாம் கடிவாள வாரை இழுக்காமல் அந்த வாரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் முழங்கை தானாகவே இளகியது.

இன்னொன்றும் சேர்ந்திருந்தது. குதிரை தலையை எறிந்தால் வார் கையிலிருந்து உருவிப் போகும். வாய்க்கு ஓர் ஆறுதல் கிடைக்கும். எறிந்தால் ஆறுதல் வரும் என்பதைக் குதிரை இரண்டே நாளில் படித்துவிடும். பிறகு நோவு போன பின்னும் பழக்கம் நிற்கும். வேலி பாய்ந்து ஒருநாள் நெல் தின்ற மாடு, வேலி அடைத்த பிறகும் அந்த இடத்தில் போய் நிற்கிற மாதிரி. இதைத் திருத்த அடி வேண்டாம். எறியும்போது இழுக்கவும் கூடாது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. கழுத்து வாரோடு சேர்த்துக் கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, காலால் மெல்ல முன்னே போகச் சொல்ல வேண்டும். தலை தாழ்ந்து மெத்தென்று வந்த அந்தக் கணமே வாரை இளக்க வேண்டும். ஒரு விநாடி பிந்தினால் வேறு எதற்கோ பரிசு கொடுத்ததாகிவிடும். நோவு தீராமல் இந்தப் பாடத்தைத் தொடங்காதீர்கள். நோகிற வாய்க்கு ஒரு பாடமும் ஏறாது.

சிவலை இப்போது முறிகண்டி வரைக்கும் போய்வருகிறது. ரோட்டோரம் கச்சான் விற்கிற அம்மாக்களிடம் நின்று வாங்கித் தின்னவும் பழகிவிட்டது. பல்லுக்கு நல்லதா என்று வைத்தியரிடம் இன்னும் கேட்கவில்லை. குளக்கட்டில் ஏறுகிற அந்தத் திருப்பத்தில் மட்டும் இன்றைக்கும் ஒரு தரம் தலையை எறியும். இறங்கி, வாயைப் பார்த்து, வாரைப் பார்த்து, கொப்பியைப் புரட்டி, என் கையையும் பார்த்துக்கொண்டேன். பின்னால் சைக்கிளில் வந்த பெரியையா காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "தம்பி, அது ஈ."